எண்ணுவோர் இன்றி எண்ணிக்கை ஏது?

2021 ஏப்ரல் 5 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சராக இருந்த ஹர்ஷ்வர்தன், ‘ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம்’ என்னும் மின்னணு நோய்க் கண்காணிப்பு அமைப்பைப் புதுதில்லியில் தொடங்கி வைத்தார். இத்தகைய மேம்பட்ட அமைப்பைக் கைக்கொள்ளும் முதல் நாடு இந்தியாவே என்று அப்போது பெருமிதத்துடன் அறிவிக்கப்பட்டது. அதே நாள் காலையில் அவருடைய அமைச்சகம் மற்றொரு செய்தியையும் வெளியிட்டிருந்தது. முந்தைய 24 மணி நேரத்தில் 1,03,558 பேருக்குப் புதிதாகக் கொரோனா தொற்று கண்டறியப்பட்டிருந்தது. கொள்ளைநோய் தொடங்கிய பின் அன்றாட எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது அதுவே முதல் முறை. ஒரு மாதத்திற்குள் அந்த எண் நான்கு லட்சத்தைத் தாண்டியது. இத்தனைக்கும் மார்ச் மாதத் தொடக்கத்தில்தான், கொள்ளைநோயின் இறுதிக் கட்டத்தில் நாடு இருப்பதாக அதே அமைச்சர் கூறியிருந்தார்.

இந்தப் பொருத்தத்தைச் சுட்டுவது, ஓர் இணையதளம் இரண்டாம் அலையைத் தடுத்திருக்க வேண்டும் என்று வாதிடுவதற்காக அன்று. தொடங்கிய நாளிலேயே எந்தக் கருவியும் அற்புதம் நிகழ்த்திவிடாது. ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. அந்த வாரங்களில் அரசுக்குத் தகவல் பஞ்சமா இருந்தது? எண்கள் நாள்தோறும் வந்தன. மராட்டியத்தில் தொற்று ஏறுமுகத்தில் இருந்தது பிப்ரவரியிலேயே தெரிந்தது. தெரிந்த பின்னரும் தேர்தல் பேரணிகள் நடந்தன, கும்பமேளா நடந்தது, ஆக்சிஜன் இருப்பு பெருக்கப்படவில்லை. நோயைக் காணும் கருவி வேறு. கண்டதன் மீது செயல்படும் ஆற்றலும் மனமும் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னது இருப்பதாக நம்ப வைப்பதே இன்றைய ஒன்றிய அரசின் ‘அவசரகாலத் தயார்நிலை’ முழக்கத்தின் உள்ளடக்கம்.

மூன்று படிவங்களின் கதை

1994 செப்டம்பரில் சூரத் நகரைப் பிளேக் அச்சம் ஆட்கொண்டபோது, ஜவுளி, வைரப் பட்டறைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஊரை விட்டு வெளியேறினர். நோயை உரிய நேரத்தில் கண்டறியும் ஏற்பாடு நாட்டில் இல்லை என்பது அன்று உலகறிய அம்பலமாயிற்று. அதன் விளைவாகத் தொற்றுநோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் உருவாயிற்று. பின்னர் 2004 நவம்பரில், உலக வங்கியின் கடனுதவியுடன் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

இத்திட்டத்தின் அடித்தளம் எளிமையானது, அறிவார்ந்ததும் கூட. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், அறிகுறிகளை வைத்து ‘எஸ்’ படிவத்தை நிரப்புவார். நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர் ‘பி’ படிவத்தை நிரப்புவார். ஆய்வகம் உறுதி செய்தவற்றை ‘எல்’ படிவம் தாங்கி வரும். திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரக் கணக்கு மாவட்ட அலுவலகம் சென்று, மாநிலம் வழியாகத் தில்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தை அடையும். இக்காகிதப் பயணத்தை மின்னணுப் பயணமாக மாற்றியதே புதிய தளம். 2018 நவம்பரில் ஏழு மாநிலங்களில் சோதனை முறையில் தொடங்கி, 2021இல் நாடு முழுவதற்கும் அது விரிவாக்கப்பட்டது. முன்பு 18 நோய்கள் கணக்கில் வந்தன, இப்போது 33. வாரக் கணக்கு நாட்கணக்காயிற்று. எந்த ஊரில் நோய் என்பதை வரைபடத்திலேயே காண முடிகிறது.

இவற்றில் பயன் இல்லை என்று எந்த இடதுசாரியும் கூறமாட்டார். காலராவோ தட்டம்மையோ ஒரு கிராமத்தில் தலைகாட்டினால் அச்செய்தி ஏழு நாட்கள் காத்திராமல் அன்றே மாவட்டத்தை எட்டுவது நல்லதே. இயந்திரத்தைப் பகைப்பது தொழிலாளி வர்க்கத்தின் தத்துவம் அன்று. இயந்திரம் யாருடைய கையில், எதற்காக இயங்குகிறது என்று கேட்பதே அதன் தத்துவம். அக்கேள்வியைக் கேட்டால், விரைவாக மேலேறும் தகவலுக்கு ஈடாகக் கீழே இறங்கி வருவது என்ன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அடித்தளத்தில் யார்?

சமவெளிப் பகுதியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அங்குள்ள செவிலியர் தாய்சேய் நலம், தடுப்பூசி, காசநோய், தொற்றா நோய்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தளத்தில், தனித்தனிக் கடவுச்சொல்லுடன் விவரம் ஏற்ற வேண்டியவராக இருக்கிறார். அந்த வரிசையில் நோய்க் கண்காணிப்பும் சேர்ந்தது. வீடு வீடாகச் செல்ல வேண்டிய கால்கள் திரையின் முன் கட்டிப்போடப்படுகின்றன. படிவம் நிரம்பியதா என்று மேலிடம் கேட்கிறது. காய்ச்சல் கண்ட வீட்டிற்குச் சென்று பார்த்தாயா என்று கேட்பதில்லை. இத்தகைய சூழலில் ‘பூஜ்ஜியம்’ என்று நிரப்புவதே எளிய வழியாகிறது. திரையில் பூஜ்ஜியம் என்றால் ஊரில் நோய் இல்லை என்று பொருளன்று; பார்ப்பதற்கு ஆளில்லை என்றும் பொருள்படலாம்.

செவிலியருக்கு ஊர்ச்செய்தி கொண்டுவருபவர் ஆஷா ஊழியர். ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இப்பணியில் உள்ளனர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இவர்களைப் பாராட்டி விருதளித்தபோது பிரதமர் முதற்கொண்டு அனைவரும் வாழ்த்தினர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்றும் ‘தன்னார்வலர்’. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை உறங்கிக் கொண்டிருக்கிறது.

இவர்களுக்கு ஊதியம் தர மறுக்கும் ஆட்சி, செயலி தர மறுப்பதில்லை. ஹரியானாவில் 2021இல் ஆஷா ஊழியர்களின் கைபேசிகளில் மேற்பார்வைச் செயலி ஒன்றைப் பதிவேற்ற முயன்றபோது, தம்மை உளவு பார்க்கும் ஏற்பாடு என்று கூறி அவர்கள் அதை எதிர்த்துப் போராடினர். அதே ஆண்டில் மராட்டியத்தின் அங்கன்வாடி ஊழியர்கள், பழுதான கைபேசிகளையும் தமக்குப் புரியாத ஆங்கிலச் செயலியையும் எதிர்த்து, கொடுத்த கைபேசிகளைத் திருப்பி ஒப்படைத்தனர். நோயைக் கண்காணிக்கப் புறப்பட்ட கருவி ஊழியரைக் கண்காணிக்கும் கருவியாக மாறும்போது, உண்மைத் தகவலுக்கு ஊற்றான நம்பிக்கையே வற்றிவிடுகிறது.

சந்தை சொல்லாத கணக்கு

நாட்டில் புறநோயாளிகளில் பெரும் பகுதியினர் தனியார் மருத்துவரையே நாடுகின்றனர். பொதுச் சுகாதாரத்தைப் பட்டினி போட்டு வளர்த்த தனியார்மயத்தின் விளைவு இது. தனியார் மருத்துவமனையில் பார்க்கப்படும் காய்ச்சல் அரசின் திரைக்கு வருவது அரிது. அறிவிப்பது தொல்லை, அறிவிக்காவிட்டால் கேட்பாரில்லை. காசநோயை அறிவிப்பது 2012இல் கட்டாயமாக்கப்பட்ட பின்னரும் தனியார் துறையை அதற்கு இணங்க வைப்பது பல்லாண்டுப் போராட்டமாயிற்று.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிது? டெங்குவை எடுத்துக்கொள்வோம். மதுரை மாவட்டத்தில் திரட்டிய விவரங்களை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. 2006 முதல் 2012 வரையிலான காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 20 ஆயிரம் டெங்கு நோயாளிகளே நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கில் இருந்தனர். மருத்துவர்களால் டெங்கு என்று கண்டறியப்பட்டோர் 57 லட்சத்துக்கும் மேல் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. அதாவது 282 மடங்கு! மதிப்பீட்டில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். அதிகாரபூர்வ எண் உண்மையின் நிழல்கூட அன்று என்பதில் ஐயமில்லை. இந்த 282இல் ஒன்றை ஏழு நாட்களில் அனுப்புவதற்குப் பதிலாக ஒரே நாளில் அனுப்புவதால், எஞ்சிய 281 கண்ணில் பட்டுவிடப் போவதில்லை.

அஞ்சலட்டையும் செவிலியரும்

கருவி எளிதாயினும் மனிதர் ஒன்றிணைந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1980களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று, அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை உருவாக்கினார். அதன் கருவி, அச்சிட்ட அஞ்சலட்டை. அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் தாம் கண்ட நோய்களை அதில் குறித்து அஞ்சலில் சேர்த்தன. அது வெற்றி பெற்றதன் காரணம் அட்டையில் இல்லை. வந்த தகவல் தொகுக்கப்பட்டு, மாதந்தோறும் செய்தி மடலாக அதே மருத்துவர்களுக்குத் திரும்பிச் சென்றது. தகவலின் மீது மாவட்ட நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. தன் அட்டைக்குப் பயன் உண்டு என்று கண்ட மருத்துவர் மீண்டும் எழுதினார். பின்னாளில் கேரளம் இம்முறையைக் கைக்கொண்டது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் தோன்றியபோது, அதை எந்தக் கணினியும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளும் அதே அறிகுறிகளுடன் வந்ததைக் கண்ட மருத்துவர்கள் ஐயுற்றனர். மாதிரிகள் உடனே மணிப்பாலிலுள்ள ஆய்வகத்துக்குச் சென்றன. புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது. அதன் பின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்பாளர்களைச் சுகாதார ஊழியர்கள் தேடிக் கண்டு பின்தொடர்ந்தனர். 17 பேர் உயிரிழந்த அக்கொடிய நோய், வாரக்கணக்கிலேயே கட்டுக்குள் வந்தது. முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினி தன் உயிரையே ஈந்தார். அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு எண்களை மறைக்க முயலவில்லை. நாள்தோறும் மக்கள் முன் வைத்தது. ஊழியர், ஆய்வகம், வெளிப்படைத்தன்மை ஆகிய மூன்றும் கூடி நின்றதே அந்த வெற்றியின் இரகசியம்.

எச்சரிக்கை மணி அடித்த பின்

இதற்கு நேர் எதிரான காட்சி பீகாரின் முசாபர்பூரில். லிச்சிப் பழம் பழுக்கும் கோடையில் குழந்தைகளைத் தாக்கும் மூளைப் பாதிப்பு நோய் அங்கு 1990களிலிருந்தே அறியப்பட்ட ஒன்று. 2014இல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமே அமெரிக்க வல்லுநர்களுடன் இணைந்து ஆய்வு நடத்தியது. முடிவுகள் 2017இல் வெளியாயின. இரவு உணவின்றி உறங்கிய குழந்தைகளின் உடலில் லிச்சியின் நச்சுப்பொருள் இரத்தச் சர்க்கரையை அபாய நிலைக்குத் தாழ்த்துகிறது என்பது அதன் சாரம். மாலை உணவை உறுதி செய்தல், நோய் கண்டவுடன் குளுக்கோஸ் ஏற்றுதல் ஆகியவையே தீர்வுகள். இதைவிட மலிவான மருத்துவம் உண்டா?

இருந்தும் 2019 ஜூனில் பீகாரில் 150க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். நோய் இன்னதென்று தெரியும், இடம் தெரியும், மாதம் தெரியும். தெரியாதது ஒன்றுமில்லை. இல்லாதிருந்தவை, ஏழைக் குழந்தையின் தட்டில் சோறும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரும் மருந்தும்தான். அரசின் 2021-22 கிராமப்புறச் சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி, சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை. எச்சரிக்கை மணி அடிக்கிறது, ஓடிவரத்தான் ஆளில்லை.

காண விரும்பாத கண்

தகவல் திரட்டுவதில் உலகுக்கே வழிகாட்டி என்று மார்தட்டும் அரசிடம் நாடாளுமன்றம் கேட்ட கேள்விகளையும் பெற்ற விடைகளையும் நினைவுகூர்வோம். ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் கேட்டபோது, அத்தகைய விவரம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். ஆக்சிஜன் இன்றி இறந்தோர் குறித்து 2021 ஜூலையில் கேட்டபோது, மாநிலங்கள் அவ்வாறு குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்ற பதில் மாநிலங்களவையில் வந்தது. இரண்டாம் அலையின் உச்சத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடமுள்ள பரிசோதனைத் தரவுகளை ஆய்வுக்குத் திறந்துவிடுமாறு நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் பிரதமருக்குக் கூட்டாக முறையிட வேண்டியிருந்தது.

2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் கொள்ளைநோயால் நேரடியாகவோ மறைமுகமாகவோ இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 4.8 லட்சம். கணக்கிடும் முறையே தவறு என்று அரசு சீறியது. பிறகு, நெடுங்காலத் தாமதத்துடன் 2025இல் வெளியான அரசின் சொந்தப் பிறப்பு இறப்புப் பதிவேடு என்ன கூறுகிறது? 2020இல் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021இல் சுமார் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 20 லட்சத்துக்கும் மேல் உயர்வு. பதிவு முறை மேம்பட்டதும் இதில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் அவ்வாண்டின் அதிகாரபூர்வக் கொரோனா மரணங்கள் சுமார் 3.3 லட்சமே என்ற கணக்கை இனி யார் நம்புவது? மேலும், 2020இல் பதிவான மரணங்களில் மருத்துவரால் காரணம் சான்றளிக்கப்பட்டவை 22.5 சதவீதம் மட்டுமே. நான்கில் மூன்று பேருக்கு மேல் எதனால் இறந்தனர் என்று அறியாத நாட்டில், நோய்க் கண்காணிப்பில் முதலிடம் என்ற பேச்சு வெற்றுப் பெருமையன்றி வேறென்ன?

கண்ணாடி எப்பக்கம்?

அரசு தன்னை மக்களுக்குக் காட்ட மறுக்கிறது. மக்களையோ முழுமையாகக் காண விழைகிறது. 2020 மே மாதத்தில் ‘ஆரோக்கிய சேது’ செயலி பணிக்குச் செல்லும் அனைவருக்கும் கட்டாயம் என்று உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. அதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. கடும் எதிர்ப்பின் பின்னரே அவ்வாணை தளர்த்தப்பட்டது. 2021இல் 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசிக்கு ‘கோவின்’ தளத்தில் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டபோது, கைபேசியும் இணையமும் இல்லாதோரின் கதி என்ன என்று உச்ச நீதிமன்றமே வினவியது. அதே தளத்தில் மக்கள் தந்த விவரங்கள் 2023 ஜூனில் ‘டெலிகிராம்’ வழியாக எவருக்கும் கிடைக்கும் நிலை வெளிப்பட்டது; அமைச்சகமோ, ஆதாரமற்ற செய்தி என்று கூறிக் கடந்து சென்றது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கி, இரு வாரங்கள் காகிதத்திலேயே பணி நடந்தது.

2023இல் நிறைவேற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசுத் துறைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே அளித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கூர்மையையும் மழுக்கியது. காசநோய், எச்ஐவி போன்ற நோய்களுக்குச் சமூகம் சுமத்தும் இழிவை அறிந்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். தன் பெயர் வெளியே போகும் என்று அஞ்சும் நோயாளி பரிசோதனைக்கே வரமாட்டார். ஆகவே தனியுரிமை என்பது மேட்டுக்குடியின் ஆடம்பரக் கவலை அன்று. நோய்க் கண்காணிப்பு வெற்றி பெறுவதற்கான முன்நிபந்தனை.

பணம் எங்கே?

‘குறை கூறுவது எளிது, 2021 அக்டோபரில் 64,180 கோடி ரூபாய் மதிப்பில் சுகாதார உள்கட்டமைப்பு இயக்கம் அறிவிக்கப்பட்டதே, அதில் மாவட்டந்தோறும் ஆய்வகங்கள் உண்டே’ என்று ஆளுந்தரப்பினர் கேட்கின்றனர். மாவட்ட ஆய்வகம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பரப்பி, அதிலும் ஒரு பங்குக்கு உலக வங்கிக் கடனை நாடி அறிவிக்கப்பட்ட திட்டம் அது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்கு 2025க்குள் ஒதுக்குவதாக இதே அரசின் 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. கொள்ளைநோய் உச்சத்தில் இருந்த 2021-22இல்கூட, ஒன்றிய, மாநில அரசுகளின் செலவு அனைத்தும் சேர்ந்து 1.84 சதவீதத்தையே எட்டியது. திட்டத்தின் பணத்தில் கட்டடம் எழலாம், கருவி வாங்கலாம். அதை இயக்கும் நிரந்தர ஊழியருக்கான ஊதியத்தை யார் தருவது? ஒப்பந்த ஊழியரும் ஊக்கத்தொகைப் பணியாளரும் தாங்கிப் பிடிக்கும் கூரை, அடுத்த புயலில் நிற்காது.

எனவே இடதுசாரி இயக்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும். துணை சுகாதார நிலையம் முதல் மாவட்ட ஆய்வகம் வரை காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். ஒரே விவரத்தைப் பல தளங்களில் ஏற்றும் சுமை ஒழிய வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் தொற்றுநோய்களை அறிவிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கி, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். மாவட்ட வாரியான நோய் விவரங்கள், நோயாளியின் அடையாளம் நீக்கி, வாரந்தோறும் மாநில மொழிகளில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். மாநிலங்கள் திரட்டும் தரவின் மீது மாநிலங்களுக்கு முழு உரிமை வேண்டும். பொதுச் சுகாதாரத்துக்கு வாக்களித்த 2.5 சதவீதத்தையேனும் ஒதுக்க வேண்டும்.

தோழர்கள் தத்தம் பகுதியிலேயே இதைத் தொடங்கலாம். அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இருக்கிறாரா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வக நுட்புநர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, கடந்த மழைக்காலத்தில் ஊரில் கண்ட காய்ச்சல் அரசின் கணக்கில் ஏறியதா என்று கிளைகள் விசாரித்தறிந்து மக்களிடம் பேச வேண்டும். அடுத்த கொள்ளைநோய் தில்லியிலுள்ள திரையில் முதலில் தோன்றப் போவதில்லை. ஏதோ ஒரு சேரியில், ஏதோ ஒரு தொழிலாளியின் குடிசையில், பெயரறியாக் காய்ச்சலாகத்தான் அது தொடங்கும். அந்தக் கதவைத் தட்டுவதற்கு ஊதியமும் உரிமையும் உள்ள ஓர் ஊழியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே நாட்டின் தயார்நிலை அமையும்.